உமி அடைத்த சுவர்

குவைத்,
12.6.1982

அன்புள்ள கித்தேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் நம் புஷ்பமேரியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

இங்கே மீன் வைக்கும் குளிர் அறைகள் கட்டுகிறோம். இரண்டு தகட்டுக்கு நடுவே தெர்மாகோல் வைத்த பலகைகள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர் அப்படியே நிற்கிறது. குளிரை நிறுத்த முடிந்தால் சூட்டை நிறுத்த முடியாதா? வில்பட்டி மலைக்குளிருக்கு நம் புது வீட்டை அப்படிக் கட்டிவிடுவோம். தெர்மாகோல் நமக்குக் கட்டாது. இரண்டு மரப்பலகைக்கு நடுவே உமியும் சுண்ணாம்பும் கலந்து இறுக்கி அடைத்தால் போதும். இத்துடன் படம் வரைந்து வைத்திருக்கிறேன், ஆண்டிச்சாமி ஆசாரியிடம் காட்டு. இனி நீ விறகுக்காகச் சோலைக்காட்டுக்குள் போய் ஃபாரஸ்ட் கார்டிடம் பேச்சு வாங்க வேண்டாம்.

உன்,
இருதயசாமி

வில்பட்டி,
20.7.1982

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. சுவரைப் பற்றி ஒரு பக்கம், எங்களைப் பற்றி ஒரு வரி. இருக்கட்டும்.

ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மீனுக்குக் கட்டுற மாதிரி மனுசனுக்கும் கட்டச் சொல்றாராக்கும்?" என்று சிரித்தார். ஆனாலும் வெள்ளனே வந்து வேலை பார்க்கிறார். வத்தலக்குண்டு மில்லிலிருந்து உமி வந்து இறங்கிவிட்டது. பிள்ளை அதில் புரண்டு புரண்டு தும்முகிறாள். ஐந்து வயதாகிறது, சொன்ன பேச்சு கேட்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பழைய வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை போகும். அதனால் தணல் அள்ளிப் போட்ட கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு படுத்தோம். புது வீட்டிலும் அப்படி வைக்கலாமா? மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கித்தேரி

குவைத்,
25.8.1982

அன்புள்ள கித்தேரிக்கு,

நலம். வேலை நன்றாகப் போவதில் சந்தோஷம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், டிசம்பரில் நம் வீட்டுக்குள் வந்து உட்காரும்போது தெரியும்.

முக்கியமான விஷயம், ஓர் இடுக்குகூட விடக் கூடாது. பலகை சேரும் இடமெல்லாம் தாரில் தோய்த்த சாக்குத்துணியை வைத்து அடைக்கச் சொல். கதவு விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஆணி அடிக்கட்டும். கொஞ்சம் காற்று புகுந்தாலும் அத்தனையும் வீண். இங்கே இன்ஜினீயர் இதற்காகவே எங்களைத் திட்டுவார். பிள்ளைக்கு என் முத்தம்.

உன்,
இருதயசாமி

வில்பட்டி,
28.11.1982

அன்புள்ள மச்சானுக்கு,

பங்குச் சாமியாரை வைத்து வீட்டை மந்திரித்துக் குடிவந்துவிட்டோம். நீங்கள் கெட்டிக்காரர்தான். விறகு பாதிக்குப் பாதி மிச்சம். பக்கத்து வீட்டு வடிவு மதினி குளிர்காய நம் வீட்டுக்கு வருகிறாள். பிள்ளைக்கு மட்டும் இன்னும் மூச்சு இளைப்பு நிற்கவில்லை.

கரிச்சட்டி பற்றிக் கேட்டிருந்தேனே, ஒன்றும் எழுதவில்லையே.

இப்படிக்கு,
கித்தேரி

குவைத்,
2.2.1983

கித்தேரிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆசாரியிடமிருந்துதான் வந்தது. கூரைக்குக் கீழே ஒன்றும் தரையை ஒட்டி ஒன்றுமாகச் சுவரில் இரண்டு ஓட்டை போடச் சொன்னாயாம். காரணத்தை உன்னிடமே கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறார். உனக்குப் பைத்தியமா? பாலைவனத்தில் கிடந்து உனக்காக யோசித்து யோசித்துச் சொன்னதை இப்படியா கெடுப்பாய்?

இருதயசாமி

வில்பட்டி,
19.2.1983

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தூரத்தில் தனியாகக் கிடக்கிறீர்களே என்று பயந்தேன்.

டிசம்பர் கடைசியில் உறைபனி. பிள்ளைக்கு இளைப்பு முற்றி உதடு நீலமாகிவிட்டது. உங்கள் பதிலும் வரவில்லை. கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் எனக்குத் தலை சுற்றி வாந்தி. கதவுவரைதான் போக முடிந்தது. நான் விழுந்த சத்தம் கேட்டு வடிவு மதினி வந்து கதவைத் தள்ளித் திறந்தாள். புஷ்பா எழுந்திருக்கவில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிர் இருக்கிறது. "கரிப்புகை மூளைக்குப் போயிருக்கும்மா, எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கிறாள். என்னை அம்மா என்று கூப்பிட வாயெடுத்து, வார்த்தை வராமல் அழுகிறாள்.

இரண்டு முறை கேட்டேன், மச்சான். ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கித்தேரி

குவைத்,
12.3.1983

கித்தேரி,

நீ கேட்டதை இரண்டு முறையும் படித்தேன். பதில் தெரியவில்லை. மீன் அறையில் யாரும் நெருப்பு வைப்பதில்லை. இன்ஜினீயரிடம் கேட்கலாம் என்றால், என்னால் அவர் பக்கத்தில் போக முடியாது. நான் பலகை பொருத்துகிறவன் இல்லை. லாரியிலிருந்து தூக்கி வைக்கிறவன். உன்னிடம் பெரிதாக எழுதிவிட்டேன், இனி எப்படித் தெரியாது என்று சொல்வது என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டு வரட்டுமா? என்னை மன்னிப்பாயா? ஒரு வரி எழுது.

இருதயசாமி

வில்பட்டி,
30.3.1983

மச்சானுக்கு,

நீங்கள் தூக்குகிறவர் என்பது எனக்குத் தெரியும். உங்கள் அறையில் இருக்கும் லூர்துசாமி அண்ணன் போன வருஷ ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தபோதே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். உங்கள் படம் வருவதற்கு முன்பே.

படத்தை நான் டவுனில் விவரம் தெரிந்த ஒரு மேஸ்திரியிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் உங்கள் குட்டு உடையும், நீங்கள் தலைகுனிவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆசாரி தயங்கியபோதுகூட, "அவுகளுக்குத் தெரியாதா, வெரசா அடைங்க" என்று பக்கத்தில் நின்று எல்லா இடுக்கையும் அடைக்க வைத்தேன். உங்கள் மரியாதையைக் காப்பாற்றப் போய் பிள்ளையை விட்டுவிட்டேன்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

உடனே வாருங்கள். வந்து புஷ்பாவைப் பாருங்கள். பார்த்த பிறகு, என்னை மன்னிக்க முடியுமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

கித்தேரி