அம்மாவுக்கு விட்ட இடைவெளி

வியாழனின் நிலவு யூரோப்பா, தெற்குப் பனி நிலையம். பணியில் ஒருவர்: இசக்கியம்மாள்.

நாள் 212, 09:10
வெளி வெப்பநிலை மைனஸ் 171. பனியின் தடிமன் 14 கிலோமீட்டர். மாற்றமில்லை. நிலையத்தின் நான்கு கால்களும் சமமட்டம். மாற்றுக் குழுவின் கப்பல் வர இன்னும் இருபத்தாறு நாள்.

மைக்கின் பெருக்கி பழுது. ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டு ஆழம் அளக்கப் பனிக்குள் இறக்கியிருக்கும் ஒலிக்கம்பியின் பெருக்கியோடு மைக்கை இணைத்து, என் பாட்காஸ்டின் 31ஆம் பகுதியைப் பதிவு செய்தேன். தலைப்பு: பனிக்கு அடியில் கடல் ஏன் உறைவதில்லை.

இதற்குச் சம்பளம் இல்லை, விளம்பரம் இல்லை. கேட்பவர்கள் நான்கு பேர். கப்பலில் வரும் மூவர், பிறகு அம்மா. அம்மாவுக்குத் தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அவளுக்கு எழுத்து தெரியாது. என் அறிக்கைகளைப் படிக்க முடியாது, கேட்க முடியும். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "கடகடன்னு ஓட்டாதட்டி. நான் ம் கொட்ட எடம் விடு." அதனால் ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் இரண்டு விநாடி நிறுத்துகிறேன்.

நாள் 219, 18:00
கப்பலிலிருந்து செய்தி: "இசக்கி, ஜெபராணி பேசுறேன். சாப்பாட்டு நேரம் வந்தா இங்க மூணு பேருக்கும் உன் குரல்தான் ஊறுகாய். சுரேந்தர் உனக்கு மன்றம் ஆரம்பிக்கிறானாம். பாலாபிஷேகத்துக்குப் பால்பவுடர் கேக்குறான், நான் குடுக்கல. அடுத்தது எப்போ போடுவ?"

நான்கு முறை கேட்டேன். கல்லூரிக் கருத்தரங்கில் பெயர் சொன்னதும் எழுந்து, நான்கு நிமிடம் வாய் திறக்காமல் நின்று, அப்படியே உட்கார்ந்தவள் நான். இப்போது அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தேடும்போது என் வேலை எனக்கே தெளிவாகிறது. சம்பளநாளில்கூட இவ்வளவு நிறைவாக இருந்ததில்லை.

32ஆம் பகுதி பதிவு முடிந்தது. கிழக்குக் காலுக்கு அடியில் சிறு அதிர்வு. பனியின் வழக்கமான நகர்வு.

நாள் 226, 10:30
33ஆம் பகுதி நேற்றே அனுப்பினேன். அம்மாவின் பதில்: "ஏட்டி, நல்லாத்தான் சொல்லுத. ஆனா ஒரு சங்கதி. நான் ம் கொட்டுததுக்கு முந்தியே ஆரோ கொட்டுதாவ. இருபது வருசமா ஐஸுக்குள்ளயே கெடக்கேன். அது முனங்குதது, வெடிக்கது எல்லாம் எனக்குத் தெரியும். இது ஐஸ் சத்தம் இல்ல. நீ ஒத்தையிலதான இருக்க?"

பதிவுகளைச் சோதித்தேன். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு தாழ்ந்த அதிர்வு. நான் பேசும்போது இல்லை. இடைவெளியில் மட்டும். ஆழம் 11 கிலோமீட்டர்.

காரணம் தெரிந்தது. ஒலிக்கம்பிக்குப் போகும் ஒயரைக் கழற்ற மறந்திருக்கிறேன். மூன்று பகுதிகளாக என் குரல் பனிக்குள் போயிருக்கிறது.

கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. ஐந்தாவதாக ஒருவர் கேட்கிறார் என்று மனம் துள்ளியது. 34ஆம் பகுதியை அதற்காகவே பேசினேன்.

நாள் 233, 16:05
அதிர்வின் ஆழம் 3 கிலோமீட்டர். மேலே வருகிறது. ஒயரைக் கழற்றிவிட்டேன். இனிப் பேசமாட்டேன்.

நாள் 234, 07:25
கீழிருந்து ஓர் அடி. கிழக்குக் கால் நாற்பது சென்டிமீட்டர் இறங்கியது. இரண்டாவது அடியில் சுவரில் விரிசல். காற்று கசியவில்லை.

ஒயரை மாட்டிக் கடல்நீரின் உப்பைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினேன். அமைதி. நிறுத்தினேன். அதிர்வு: ம்.

அது ஏற்கெனவே கேட்ட பகுதி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். ம் இல்லை. நான்காவது நிமிடம் அடி விழுந்தது. சொன்னதையே சொன்னால் ஏற்பதில்லை.

பேச்சு இருக்கும்வரை நிலையம் நிற்கும். நடந்ததைக் கப்பலுக்கும் அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினேன்.

நாள் 236, 11:40
ஜெபராணி அக்காவின் செய்தி: "உன்ன விட்டுட்டுத் திரும்ப மாட்டோம். பனியில இறங்காம மேலயே நின்னு உன்னத் தூக்கிக்கிறோம். 238 காலைல வந்துருவோம். அதுவரைக்கும் வாய மூடாத. காலேஜ்ல பேசாததையெல்லாம் சேத்துப் பேசு."

ஐம்பது மணி நேரமாகப் பேசுகிறேன். அது கேட்காத முதல் முப்பது பகுதிகளும் ஓடித் தீர்ந்துவிட்டன. கோள்கள், ஹாஸ்டல் சாம்பார், அறைத்தோழிகளின் பெயர்கள். துப்பினால் ரத்தம்.

அம்மா மூன்று மணி நேரப் பேச்சு அனுப்பினாள். "நீ செத்த நேரம் கண்ண மூடு. நான் பேசுதேன்." மேஸ்திரியின் மீசைச் சாயம், சாளை மீன் விலை, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை. ஒலிக்கம்பியில் ஓடவிட்டேன். எல்லாவற்றுக்கும் அது ம் கொட்டியது. தூங்கினேன்.

நாள் 238, 06:15
குரல் முற்றிலும் போய்விட்டது. காற்றுதான் வருகிறது. கப்பல் வியாழனுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தொடர்பில்லை.

06:22
அடி விழவில்லை. ஒலிக்கம்பியிலிருந்து பேச்சு. என் குரல். என் பகுதிகளிலிருந்து சொல் சொல்லாக வெட்டி ஒட்டியது. ஆனால் நான் ஒருபோதும் சொல்லாதது: "கீழே. நிறைய பேர். கேட்கிறோம்."

நிறுத்தியது. இரண்டு விநாடி.

இப்போது சொல்வது அது. கேட்பவள் நான்.

06:26
அடி. மேற்குக் கால் போனது. எல்லாப் பகுதிகளிலும் தேடினேன். ஒரு ம் கூட நான் சொன்னதில்லை. எப்போதும் சொல்பவளாகவே இருந்திருக்கிறேன். அம்மாவின் மூன்று மணி நேரத்திலும் இல்லை. அன்று அவள்தான் சொன்னாள். பதிவிலிருந்த அதன் ம்மையே திருப்பி ஓடவிட்டேன், ஏற்கவில்லை.

06:31
அம்மாவிடம் ஒரு ம் கேட்டு அனுப்பினேன். போய்ச் சேர நாற்பத்தைந்து நிமிடம். திரும்பி வர நாற்பத்தைந்து. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்.

06:33
மறுபடி என் குரல். "மேலே. வருகிறோம்."

இரண்டு விநாடி.

அக்கா, இதைப் படித்தால் முதலில் ம் சொல்லுங்கள். வாய்விட்டு. நிறுத்தும்போதெல்லாம். பிறகு