மூன்றாவதை முதலாவதாக எழுதியவன்

அனுப்புநர்:
த. ஞானமுத்து,
தலைமை ஆசிரியர், மிஷன் தொடக்கப் பள்ளி,
ஆமத்தூர், விருதுநகர் வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மருத்துவ மேற்படிப்புத் தேர்வு அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: என் மகள் டாக்டர் ஞா. செல்வமணியின் மேற்படிப்பு விருப்ப வரிசை, அவளறியாமல் என்னால் மாற்றப்பட்டது. அவள் எழுதியபடியே ஏற்க வேண்டுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு. புகார் என்மீதே. தங்கள் அலுவலகத்தின்மேல் எள்ளளவும் குறையில்லை.

2. எங்கள் ஊரில் தாலுகா ஆபீஸ் மனு முதல் ரயில்வே வேலை விண்ணப்பம் வரை என் கையெழுத்தில் போவதே வழக்கம். டாக்டரான பிறகும் என் மகள் அதை மீறவில்லை. வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டு, மூன்று விருப்பங்களையும் வரிசையாகத் தனித்தாளில் எழுதித் தந்துவிட்டு, மதுரைக்கு டியூட்டிக்குப் போய்விட்டாள். முதலாவது, தீயில் வெந்து ஒட்டிய கைகளைச் சீர்செய்யும் வார்டு உள்ள சென்னை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை; இரண்டாவது, மதுரையில் அதே படிப்பு; மூன்றாவது, மதுரையில் மகப்பேறு.

3. பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றே நினைத்திருந்தவன் நான். கத்தி பிடிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையுமா என்ற கவலை வேறு. மூன்றாவதை முதலாவதாக எழுதித் தபாலில் சேர்த்தேன். பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துவது போலத்தான் செய்தேன். வெட்கக்கேடு.

4. சென்ற திங்கட்கிழமை, எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலைபார்த்த எங்கள் ஊர் கருப்பம்மாள், தம் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். ஈராண்டுக்கு முன் மருந்து தீப்பற்றியதில் அவருடைய வலக்கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போயின. அதன்பின் கையெழுத்துக்குப் பதில் இடக்கை ரேகைதான். ஆகவே மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, வலக்கையால் தம் பெயரை எழுதினார். “நாலு விரலையும் ஒண்ணொண்ணாப் பிரிச்சு, வயித்துத் தோலை எடுத்து ஒட்டித் தந்தாக சார். நம்ம செல்வமணியம்மாதான் மெட்ராசுக்கு அனுப்பி வச்சாக. ஆபரேசன் அன்னைக்கு வந்து பக்கத்துலயே நின்னாக” என்றார். பிறகு, அவிழ்ந்திருந்த மகளின் சடையை அந்தக் கையாலேயே என் மேசை முன் பின்னி முடித்தார்.

5. ஐயா, பள்ளி ஆய்வாளர் வந்தாலன்றி நாற்காலியை விட்டு எழாதவன் நான். அன்று எழுந்து நின்றுவிட்டேன். மனிதரால் இதுவும் ஆகுமா! அந்த விரல்கள் மடங்கி நிமிர்வதைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. கர்த்தர் தந்த விரலைத் தீயிடமிருந்து மீட்டுத்தரக் கற்பிக்கும் இடத்தையா என் மகள் முதலாவதாக எழுதினாள்! அதையா நான் கீழே தள்ளினேன்! பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த விஸ்வநத்தம் பக்கம் இன்னும் எத்தனை கைகள் ஒட்டிக் கிடக்கின்றனவோ, நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.

6. தங்கள் உத்தரவுப்படி ஜூலை முதல் தேதி அவள் மகப்பேறு வகுப்பில் சேர வேண்டும். அவள் கைப்பட எழுதிய தாளைக் கிழிக்க மனமின்றி வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். மதிப்பெண் இடம் கொடுக்குமானால், அந்த வரிசைப்படியே பரிசீலிக்கக் கெஞ்சிக் கேட்கிறேன். படிவத்தில் பொய் எழுதியதற்கான தண்டனை என்னைச் சேரட்டும். அவளைத் தொட வேண்டாம்.

7. உத்தரவு வந்த அன்று, “எனக்கு மார்க் பத்தலை போலப்பா, கெடைச்சதைப் படிப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். அவள் முகம் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
த. ஞானமுத்து

ஆமத்தூர்,
18-6-1964.

இணைப்பு: என் மகள் எழுதிய தாள் ஒன்று.

நகல்: டாக்டர் ஞா. செல்வமணி. நேரில், இன்று மாலை.