முக்காலியின் இடப்பக்கக் கம்பி

மார்ச் 3, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. கொட்டிவிட்டு வெந்நீர் குடித்தேன். அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

கோல்ஃப் மன்றத்துச் செயலாளர் கூப்பிட்டார். மன்றம் தொடங்கி ஐம்பது ஆண்டு ஆகிறதாம். இதுவரை ஓடிய வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். "அந்தக் காலத்து வண்டிக் கதையெல்லாம் உங்களுக்குத்தான் ஐயா தெரியும். பக்கத்துல வைக்கிற பலகைக்கு நீங்கதான் எழுதித் தரணும்." என்னை ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியபோது தெரியாதது இப்போது தெரிகிறது.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "முக்காலி இருக்கா?" என்று வந்துவிட்டது. இருக்கிறதாம்.

முக்காலி என்பது மூன்று சக்கர வண்டி. பெயர் வைத்தவள் என் மனைவி. அவள் போய் நான்கு மாதம்.

மார்ச் 5, வியாழன்

மன்றத்துக்குப் போனேன். வண்டிக் கொட்டகை இப்போது நெட்டையின் பொறுப்பு. என்னிடம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒல்லியாக இருந்தான். இப்போது தொப்பையும் நெட்டையாகத்தான் வளர்ந்திருக்கிறது. "வாங்கண்ணே" என்றான். மேற்கொண்டு துக்கம் விசாரிக்கவில்லை. நல்லது.

தார்ப்பாயை நீக்கினோம். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு. ஸ்டியரிங் கிடையாது, படகுத் துடுப்பு மாதிரி ஒரு இரும்புத் தண்டு, அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். இருக்கையில் வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள், பின்னால் தண்ணீர்க் கேன்கள். பந்தடிக்கிறவர்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் கேன் மாற்ற வேண்டும். நான் ஓட்டுவேன், அவள் இறங்கி மாற்றுவாள். வருஷக்கணக்காக அதுதான் எங்கள் காலை.

கூரையைத் தாங்கும் இடப்பக்கக் கம்பியில், மேலே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய் இரும்பு தெரிகிறது. துருவாக இருக்கும். பெயின்டரிடம் சொல்லிப் பூச வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

பலகைகளுக்கு எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் கொட்டகைக்கு வரும் பழைய பத்திரிகைகளை அகராதி வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் கோல்ஃப் வண்டி, வெளிநாட்டில், நடக்க முடியாதவர்களுக்காக வந்தது. கால் ஊனமானவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். மற்ற ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். நடப்பதுதான் ஆட்டம், உட்கார்ந்து போகிறவனுக்கு எதற்குப் பந்து என்றார்கள். டாக்டர் சீட்டு காட்டினால்தான் ஏறவிடுவோம் என்ற மன்றங்களும் இருந்தனவாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்ததும் பேட்டரி வண்டிக்கு மவுசு கூடியது. பிறகு சிரித்தவர்களே ஏறி உட்கார்ந்தார்கள். தண்டு போய் ஸ்டியரிங் வந்தது. மூன்று சக்கரம் நான்காயிற்று. நடுவில் பெட்ரோல் வண்டி வந்து காதைக் கிழித்தது. இப்போது லித்தியம் பேட்டரி. தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் சட்டையைத் தின்னாது. குழி எத்தனை கெஜ தூரம் என்று திரை சொல்கிறது. அடிப்பது மட்டும்தான் பாக்கி, அதையும் ஒருநாள் வண்டியே அடிக்கும்.

எழுதி முடித்து "இங்க வந்து இதக் கேளு" என்று குரல் கொடுத்தேன். யாருக்கு?

மார்ச் 12, வியாழன்

செயலாளர் மற்ற நான்கு பலகைகளையும் அப்படியே வைத்துக்கொண்டார். முக்காலிக்கு மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எளிதில் கவிழும் தன்மையால் கைவிடப்பட்டது."

"யாரு சொன்னா?" என்றேன்.

"எல்லா நாட்லயும் அதாங்க ஐயா காரணம். நம்ம மன்றத்துலயே ஒண்ணு கவுந்துச்சே."

கவிழ்ந்தது உண்மை. வேறொருவன் இன்னொரு மூன்று சக்கர வண்டியை ஓட்டினான், சரிவில் கவிழ்த்தான், உறுப்பினர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்காக எல்லா மூன்று சக்கர வண்டியையும் ஓரங்கட்டினார்கள். ஓட்டத் தெரியாதவன் செய்ததற்கு வண்டியைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று நான் குழுவுக்கு எதிரில் நின்று கத்தினேன். மறுவாரம் என்னை பேட்டரி அறைக்கு மாற்றினார்கள். அவளைத் துண்டு துவைக்கிற இடத்துக்கு. அதோடு காலைச் சவாரி போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

"ஒன்பதாம் குழிச் சரிவுல தினமும் போயிருக்கேன். என் கையில ஒரு நாள்கூட சாயல."

அவர் பேனாவை மூடினார். "சரி, ஓட்டிக் காட்டுங்க. நல்லபடியா போச்சுன்னா அந்த வரிய எடுத்துடறேன். திறப்பு விழா அன்னிக்கு நீங்களே ஓட்டிட்டு வாங்க. இல்லைன்னா வரி அப்படியே இருக்கும், வண்டி மேடையில சக்கரத்தப் பூட்டி நிக்கும்."

சரி என்றேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் பசித்தது.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்தாள். செயலாளர் அவளிடமும் சொல்லியிருக்கிறார், பெரிய நல்லவர்.

"அப்பா, உங்களுக்கு இதெல்லாம் தேவையா? ஒரு வரிதானே, இருந்துட்டுப் போகட்டுமே."

"பொய்யி எப்படிம்மா இருந்துட்டுப் போகும்?"

"அம்மா போனதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடல நீங்க. முக்காலிக்காக ஊரோட சண்டை போடறீங்க."

அழுகை வரவில்லை என்றால் நான் என்ன செய்ய? குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. அவ்வளவுதான்.

அவள் அலமாரியிலிருந்து அம்மாவின் துணிகளை எடுத்து மடித்து மறுபடி அங்கேயே வைத்தாள். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தது. கடைசி வாரம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அவள் அம்மாவை பேட்டரி வண்டியில் கொண்டுபோனார்கள். ஆறு பேர் உட்காரும் வண்டி, மோட்டார் சத்தமே இல்லை. என்ன மோட்டார் என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். சரிவுப் பாதையில் இறங்கும்போது அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். மயக்கம் என்று நினைத்துத் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். என்னவோ சொல்ல வந்தாள், பிறகு விட்டுவிட்டாள். மகளுக்கு இது தெரியாது. சொல்லவுமில்லை.

மார்ச் 18, புதன்

நெட்டை புது பேட்டரி மாட்டிவிட்டான். மோட்டார் முனகுகிறது, ஆனால் சுற்றுகிறது.

மார்ச் 20, வெள்ளி

எப்படி எழுதுவது?

காலையில் செயலாளர், நெட்டை, மகள் மூவரும் ஒன்பதாம் குழிப் பக்கம் நின்றார்கள். சமதரையில் நன்றாகத்தான் போனேன். தண்டு கையில் ஏறிய உடனே பழக்கம் வந்துவிட்டது. மகள்கூடச் சிரித்தாள். பிறகு சரிவு. பாதை குன்றின் இடுப்பைச் சுற்றிப் போகும். இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். எத்தனை ஆயிரம் தடவை போன இடம். வேகத்தைக்கூட குறைக்கவில்லை.

இடப்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது.

ஐயோ என்றுகூட எனக்கு வரல. தண்ட விட்டுட்டேனா, பிடிச்சுட்டு இருந்தேனா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. வண்டி அப்படியே பள்ளத்தப் பாத்துச் சாயுது. நெட்டை ஓடி வந்து இடப்பக்கக் கம்பியப் பிடிச்சு, மேட்டுப்பக்கமா உடம்ப வெளியில போட்டுத் தொங்கினான். சக்கரம் தொம்முனு கீழ வந்துது. நின்னுச்சு.

மூச்சு வாங்கியபடி அவன் சொன்னான்: "அக்கா இல்லாம இந்தப் பக்கம் வந்தா எப்படிண்ணே? அவங்கதானே இப்படித் தொங்கிட்டு வருவாங்க."

"என்னடா சொல்ற?"

"உங்களுக்குத் தெரியாதா?" அவன் என்னைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தான். "ஒன்பதாவது குழி வந்தா பாதி உடம்பு வெளியில இருக்கும். நாங்கல்லாம் நின்னு பாப்போம். கேட்டதுக்கு, 'அவருக்குப் பாதையப் பாக்கவே நேரம் சரியா இருக்கு, சொன்னா சண்டைக்கு வருவாரு'ன்னு சிரிச்சாங்க."

நான் பாதையைத்தான் பார்த்தேன். ஓட்டுகிறவன் பாதையைத்தானே பார்க்க வேண்டும்?

மார்ச் 21, சனி

ஆஸ்பத்திரிச் சரிவில் அன்றைக்கு அவளை நிமிர்த்தியிருக்கக் கூடாது.

மார்ச் 24, செவ்வாய்

செயலாளரைப் பார்த்தேன். அவர் ஜெயித்த முகத்தோடு இல்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. "உங்க வரி இருக்கட்டும்" என்றேன். "ஆனா அதுக்குக் கீழ நானும் ஒரு வரி எழுதுவேன். அதுல நீங்க கை வைக்கக் கூடாது."

"என்ன வரிங்க?"

காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வைக்கல ஐயா" என்றார்.

வெளியே பெயின்டர் முக்காலிக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார். இடப்பக்கக் கம்பிக்கு வந்ததும் அவர் தூரிகையைப் பிடித்துத் தடுத்தேன்.

"இந்த இடம் மட்டும் பூசாதீங்க."

"மொட்டையா தெரியுமே பெரியவரே, என் வேலையத்தானே குறை சொல்லுவாங்க?"

"யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

ஏப்ரல் 4, சனி

திறப்பு விழா. மகள் பலகையைச் சத்தமாகப் படித்தாள். "எளிதில் கவிழும் தன்மையால் கைவிடப்பட்டது. இந்த வண்டி மட்டும் ஒரு நாளும் கவிழவில்லை; இடப்பக்கம் ஒருத்தி இருந்தாள்." படித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லவில்லை.

புகைப்படக்காரர் என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். எல்லாரும் தண்டுப் பக்கம் வழிவிட்டு நின்றார்கள். நான் சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினேன். "ஐயா, ஓட்டுற இடம் அந்தப் பக்கம்" என்றார் அவர். தெரியும் என்றேன்.

பெயின்ட் பூசாத இடத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் எட்டவில்லை. சாய்ந்தால்தான் எட்டுகிறது.

சாய்ந்தேன்.