அவள் வரக் கூடாத வருடம்

பிப்ரவரி 9

மூன்றாவது தடவையாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டேன். முதல் படத்தில் சிரித்துவிட்டேனாம். இரண்டாவதில் காது தெரியவில்லையாம். குடியுரிமை கேட்பவன் சிரிக்கக் கூடாது, காது மட்டும் நன்றாகத் தெரிய வேண்டும். மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா திருடினீங்க?" என்றாள். பத்து வயதுதான். வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணை. வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர்.

பிப்ரவரி 12

குடியுரிமை அலுவலகத்துக்கு எதிரே நகல் கடையில் படிவம் நிரப்பித் தருகிறவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விளக்கினார்.

"மனைவி இந்த நாட்டுக்காரங்க, நீங்க வெளிநாட்டு மாப்பிள்ளை. சாதாரண வரிசைன்னா ஏழு வருஷம். ஆனா அவங்கள இங்க இருக்கிற கம்பெனி வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கு இல்லையா, அதுக்குத் தனி வரிசை இருக்கு சார். ஒரு வருஷத்துல முடிஞ்சிடும். பாஸ்போர்ட்ட வாங்கிட்டு அவங்களோட போய்ச் சேர்ந்துக்கலாம்."

அதுதானே வேண்டும். என் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து, மனைவி வேலை செய்யும் நாட்டில் இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். மகளுக்கு அம்மா வழியில் நல்ல பாஸ்போர்ட் இருக்கிறது. வீட்டில் நான் ஒருத்தன்தான் கோளாறு. என்னை விட்டுவிட்டு மகளை மட்டும் அனுப்பவும் மனசு வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. நீங்க உறுதிமொழி எடுக்கிற நாள் வரைக்கும் அவங்க அங்கேயே வேலைல இருக்கணும். நடுவுல விட்டுட்டு வந்தாங்க, கோப்ப மூடிடுவாங்க. மறுபடி ஏழு வருஷ வரிசைதான்."

மனைவி பக்கத்தில் இல்லை என்று காட்டினால்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார முடியும். இதைப் புரிந்துகொள்ள என் பத்தாம் வகுப்புப் படிப்பு போதாது.

மார்ச் 3

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அவள் தன் பங்குத் தாள்களைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். 'ஆதரவாளர்' என்ற இடத்தில் அவள். 'சார்ந்திருப்பவர்' என்ற இடத்தில் நான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அரசாங்கம்தான் முதலில் உண்மையை எழுத்தில் போட்டிருக்கிறது.

ஜூன் 20

நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இஸ்திரி உருளை படுத்துவிட்டது. அறுநூறு விரிப்பைக் கையால் மடித்தோம். ஒரு விரிப்பை உதறினாலே எந்த வார்டு, ஆள் எத்தனை நாள் படுத்திருந்தார் என்று சொல்லிவிடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 18

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"ஏங்க, நான் வந்துடட்டுமா?"

"விளையாடறியா? இன்னும் ஏழே மாசம்."

"முடியலங்க."

"யாருக்குத்தான் முடியுது? இங்க உருளை போச்சு, என் முதுகும் போச்சு. கோப்ப மூடிடுவாங்கம்மா. பல்லக் கடிச்சுட்டு இரு."

"சரிங்க" என்றாள்.

நன்றாகத்தான் சமாளித்தேன்.

ஜூலை 19

வக்கீலம்மா சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா ஏன் வரேன்னு சொன்னாங்க?"

"சும்மாதான்."

"ஏன்னு கேட்டீங்களாப்பா?"

கேட்கவில்லை.

செப்டம்பர் 2

இப்போதெல்லாம் "சரிங்க", "ஆமாங்க" தவிர வேறு பேச்சில்லை. குரலும் மெலிந்திருக்கிறது. லைன் சரியில்லை போல.

ஜனவரி 14

நேர்காணல். அதிகாரி என்னைவிடச் சின்ன வயதுப் பெண். மனைவியின் கம்பெனியிலிருந்து முத்திரையிட்டு நேராக வந்த கடிதத்தை என் கண் முன்னால்தான் பிரித்தார்.

"மனைவி நல்லா இருக்காங்களா?"

"ரொம்ப நல்லா இருக்காங்க மேடம்."

கடிதத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். வருகைப் பதிவு. ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 31 வரை — அறுவை சிகிச்சை, மருத்துவ விடுப்பு, நாற்பத்தொரு நாள்.

காது மட்டும் தெரியும் அந்தப் படம் கோப்பின் மேலேயே ஒட்டியிருந்தது. என்ன பிரயோஜனம்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார். நான் ஏதோ உளறினேன். இந்தக் கோப்புக்காகத்தான் அவளை வர வேண்டாம் என்று சொன்னதாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வைத்தியத்துக்காக வந்திருந்தா கோப்பு மூடாதே சார். படிவத்துக்குப் பின்னாடியே போட்டிருக்கே."

போட்டிருக்கிறது. வெளியே வந்து படித்தேன். நாலாவது வரி. படிவம் நிரப்பியவர் சொல்லவில்லை. ஏன் சொல்வார்? உடம்பு சரியில்லாமல் போனால் என்ன என்று நான் அவரிடம் கேட்கவே இல்லையே. கேட்க வேண்டுமென்றால் முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேர்காணலில் தேறிவிட்டேன்.

ஜனவரி 15

கூப்பிட்டேன். வயிற்றில் கட்டியாம். எடுத்துவிட்டார்களாம்.

"யாரு கூட இருந்தா?"

"கேன்டீன்ல சமைக்கிற அக்கா."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஜனவரி 16

விரிப்புகள். ஒன்றையும் உதற முடியவில்லை. எவளோ ஒருத்தி இதில் நாற்பத்தொரு நாள்— நான் டாக்டராம். பெரிய டாக்டரு! பொண்டாட்டி குரல்ல நோவு தெரியல, லைன் சரியில்லைன்னு எழுதி வச்சிருக்கேன். மூதேவி.

பிப்ரவரி 26

உறுதிமொழி எடுத்தேன். முப்பது பேர், ஒரே குரல். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன்.

"வாழ்த்துக்கள்" என்றாள். பிறகு, "இனிமே நான் வந்தாலும் கோப்ப மூட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா. எப்ப வேணா வரலாம்."

"சரி. நான் வரல."

"அப்ப நான் அங்க வரேன். அதுக்குத்தானே இவ்வளவும்."

"வேணாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்கவைத்திருப்பேன். காய்கறிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மார்ச் 19

பாஸ்போர்ட் வந்தது. நல்ல கெட்டி அட்டை. அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 7

இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். பெரிய வீடு கொடுக்கிறார்களாம். "பாப்பாவ அனுப்புங்க. இங்கேயே ஸ்கூல்ல சேத்துடறேன்" என்றாள். ஏன் என்று இந்தத் தடவை கேட்டேன். காரணங்களைச் சொன்னாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன.

மே 30

குழந்தை தனியாகப் பறக்க அப்பாவின் ஒப்புதல் படிவம். விமான நிலைய மேசையில் நின்றுகொண்டே நிரப்பினேன். பின்பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். வக்கீலம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க கிட்டயும்தான் இப்ப பாஸ்போர்ட் இருக்கே. நீங்க எப்ப வருவீங்க?"

"அம்மா கூப்பிடட்டும்டா."

"கூப்பிடலன்னா?"

விமான ஊழியர் பெண் வந்து அவள் பையை வாங்கிக்கொண்டார். பதில் சொல்லும் வேலை மிச்சம்.

படிவத்தில் 'தந்தையின் குடியுரிமை' என்று ஒரு கட்டம் இருந்தது. இத்தனை வருடமும் அந்த இடம் வந்தால் பேனா தயங்கும். இன்று தயங்கவில்லை. எழுத்தும் அழகாக விழுந்தது.