மண்டைக்குள் துப்புரவு

மார்ச் 4
பக்கவாதம் வந்து ஒரு வாரம். இன்று என் வீட்டுக்காரரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். வலது கை லேசாக அசைகிறது. பேச்சுதான் தாறுமாறு. தன் முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கு முன்னால் வாய் ஓடும் மனிதர், என்னைப் பார்த்து, "சீப்பு, தாகமா இருக்கு" என்கிறார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தி, கடைசியில் சீப்பு! தண்ணீர் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். அழுகை, நடுநடுவே சிரிப்பு.

மார்ச் 5
அண்ணன் வந்தான், நோய் எதிர்ப்புச் சக்தி மாவு டப்பாவோடு. டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"அதை மூடுங்க சார். மூளைக்குள்ள எதிர்ப்பு செல்லுங்க இப்பவே தலைகால் புரியாம ஆடுது. செத்த செல்லைத் தின்னு சுத்தம் பண்ண வந்ததுங்க, ஆவேசத்துல பக்கத்துல இருக்கிற நல்லதையும் கடிச்சு வைக்குது. வீக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்."

"அப்போ மொத்தமா விரட்டிடுங்களேன்?" என்றேன்.

"குப்பையை யாரும்மா அள்றது? அப்புறம் காயம் ஆற உதவப்போறதும் அதுங்கதான். பொறுங்க."

அண்ணன் டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். திடீர்த் தொப்பை.

மார்ச் 6
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் தலையருகே குனிந்து, "குப்பையை மட்டும் தின்னுங்க, நல்லதுல வாய் வைக்காதீங்க" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்.

மார்ச் 15
பேச்சுப் பயிற்சி. பயிற்சி தரும் பெண் கழுதைப் படத்தைக் காட்டினாள். "மச்சான்" என்றார். குரங்கு? "மச்சான்." அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "இது வியாதியா, இல்ல ரொம்ப நாளா மனசுல இருந்ததா?" என்று கேட்டான்.

மார்ச் 19
இன்று வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். தப்பாக வருகிறதென்று அவருக்கே தெரிந்துவிட்டதோ? சீப்புன்னாவது கூப்பிடுங்களேன்...

ஏப்ரல் 2
வீடு வந்து சேர்ந்தோம். நான் இப்போது 'கண்ணாடி'. பதவி உயர்வா, இறக்கமா?

மே 21
காலையில் பெரிய சண்டை. மின்விசிறி துடைக்க நாற்காலி மேல் ஏறிவிட்டேனாம்.

"விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யாருடி தூக்குறது? எனக்கே ஒரு கைதான் ஒழுங்கா வருது! அறிவிருக்கா? இறங்கு!"

நான் மட்டும் விடுவேனா? அவர் ஒன்று, நான் ஒன்பது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்த பிறகுதான் ஓய்ந்தோம். சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தபோதுதான் உறைத்தது — அத்தனை திட்டிலும் ஒரு வார்த்தைகூட மாறி வரவில்லை.

திரும்பிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க."