யாரும், எதற்கும்

மார்ச் 3

அச்சகத்தில் இரண்டு கணினிகளுக்குப் புது இயங்குதளம் போட்டேன். முதலாளி வழக்கம்போல, "காசு வாங்காமக் கொடுக்கறான்னா உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கணுமே" என்றார். வில்லங்கம் ஒன்றுமில்லை. யாரோ எழுதினார்கள், எனக்குக் கிடைத்தது. நானும் ஏதோ எழுதினேன், யாருக்கோ கிடைத்தது. இதை அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

சாயங்காலம் நம் கட்டற்ற மென்பொருள் குழுமத்தில் சண்டை. "மென்பொருள் பேசற இடத்துல அரசியல் எதுக்கு?" என்று ஒருவர். "சும்மா கொடுக்கறதே அரசியல்தானே" என்று முட்டை. முகப் படமாக ஒரு முட்டையை வைத்திருப்பதால் அவன் எல்லோருக்கும் முட்டை. நான் நிர்வாகி. தலையிடவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் பட்டது. அல்லது களைப்பு.

மார்ச் 9

புதிய பதிப்பு வெளியிட்டாயிற்று. எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள். பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கியது. குரல் அக்காவுடையது. ஆறு வருடம் முன்பு துணி அலமாரிக்குள் உட்கார வைத்து, எதிரொலி வராமல் இருக்கச் சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, இரண்டாயிரம் வாக்கியங்கள் படிக்க வைத்தேன். வேர்த்து வழிய வெளியே வருவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி உள்ளே போவாள். பேருந்து நிலையத்தில் பகல் முழுக்க அறிவிப்பு செய்துவிட்டு வந்து இதையும் படித்தாள்.

உரிமத்தில் என்ன போடட்டும் என்று அன்று கேட்டேன். "உனக்கு எது சரியோ போடுடா" என்றாள். முகப்புப் பக்கத்தில் நான் எழுதியது இன்னும் இருக்கிறது: யாரும் பயன்படுத்தலாம், எதற்கும் பயன்படுத்தலாம்.

அத்தானிடம் இன்று புதிய பதிப்பைப் போட்டுக் காட்டினேன். "திட்டாத வெர்ஷனா? இதையே வீட்டுல வெச்சுக்கறேன்" என்றார். அக்கா கரண்டியைத் தூக்கினாள்.

மார்ச் 17

எல்லார் கைப்பேசியிலும் ஓர் ஒலித்துணுக்கு. "பயணிகள் கவனத்திற்கு. இந்த நிலையத்தைச் சுத்தம் செய்பவர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் தரப்படவில்லை. நாளை முதல் அவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் மேலாளர் அறையைப் பயன்படுத்தவும்."

அக்காவின் குரல். 'கவனத்திற்கு' என்ற பிறகு அவள் விடும் சின்ன இடைவெளி உட்பட.

அச்சகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

மார்ச் 18

அக்காவைப் பாதி வேலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை மைக்கைத் தொடக்கூடாதாம்.

"நான் பேசலன்னு சொன்னேன். 'உன் குரல்தானேம்மா'ன்னாங்க. ஆமான்னேன். 'அப்புறம்?'னாங்க. அதுக்கு மேல என்ன சொல்ல?" செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருட வேலை.

குழுமத்தில் இப்படிச் செய்யக்கூடியவன் ஒருவன்தான் என்று முட்டைக்கு ஃபோன் செய்தேன். மறைக்கவில்லை. "ஆமாண்ணா, நான்தான் பண்ணேன். என் சித்தி அங்க கக்கூஸ் கழுவுறாங்க. மூணு மாசம். யார்கிட்ட சொல்லியும் நடக்கல."

"என் அக்கா வேலை போகப்போகுதுடா."

"அந்த நிலையத்துல பேசறது உங்க அக்கான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. குரல் கொடுத்தவங்க யாருன்னு நீங்க எங்கயும் எழுதலயே."

எழுதவில்லைதான். அக்கா வேண்டாம் என்றாள்.

"எதற்கும்னு எழுதியிருக்கீங்க. நான் அதை நம்பித்தான் செஞ்சேன்." குத்திக்காட்டவில்லை அவன்.

மார்ச் 19

தூக்கமில்லை. அக்காவைக் காப்பாற்ற வேண்டுமானால் துணுக்கைச் செய்தது யார் என்று கேட்பார்கள். சொன்னால் அவனைப் பிடிப்பார்கள், சித்தியையும் அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அக்கா. இப்படி இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். நேராக எதுவும் தெரியவில்லை.

திறந்த மூலம், அதாவது நிரலை ஒளிக்காமல் எல்லோருக்கும் கொடுப்பது, என்றால் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கும், அதனால் அநியாயம் குறையும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். வெளிச்சம் யார்மேல் விழும் என்று ஒரு கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

மார்ச் 21

வழி கிடைத்தது. பெயர் சொல்லவே வேண்டாம். இந்தக் குரலில் யார் வேண்டுமானாலும் எதையும் பேச வைக்கலாம் என்று காட்டினாலே போதும்.

லேப்டாப்புடன் மேலாளர் அறைக்குப் போனேன். அக்காவும் வந்தாள், சுவரோரம் நின்றாள். மேலாளர் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவர் கண்ணெதிரே தட்டினேன்: "மேலாளர் மிகவும் நல்லவர்." அக்காவின் குரல் சொன்னது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

மேலாளர் அவளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். "இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன்.

"பஸ் நம்பர் சொல்லுமா?"

சொன்னது.

"கொஞ்சம் மெதுவா?"

வேகத்தைக் குறைத்துக் காட்டினேன். பிறகு ஒலியளவு. காலை ஆறு மணி அறிவிப்பைத் தானாக ஒலிக்க வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று காட்டினேன். கேள்வி கேட்பவரைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். பழக்கம்.

"இது எவ்வளவு ஆகும்?"

"இலவசம் சார். யார் வேணா வெச்சுக்கலாம்."

அக்காமீது தவறில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். முட்டையின் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. திரும்பும் வழியில் அக்கா என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "கெட்டிக்காரன்டா நீ."

மார்ச் 26

சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் வந்ததாம். மீதி வரும் என்றார்களாம். முட்டை குழுமத்தில் கைதட்டும் பொம்மை போட்டிருந்தான். "அரசியல் வேண்டாம்" ஆள் வெளியேறிவிட்டார்.

ஏப்ரல் 30

ஒன்றுமில்லை.

மே 6

அக்காவுக்கு மாற்றல் உத்தரவு. தொலைந்த பொருள் பிரிவு. சம்பளம் குறையாது. நாளை முதல் அறிவிப்புகளைக் கணினி செய்யும்.

எந்த மென்பொருள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அத்தான் இன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மே 8

குழுமத்தில் எழுதினேன்: ஒருவர் கொடுத்த குரலை வைத்தே அவரை வேலையிலிருந்து நகர்த்தியிருக்கிறார்கள், இதைத் தடுக்க வழியுண்டா? நிறையப் பதில்கள். வருத்தம் என்று சிலர். இனிவரும் பதிப்புக்கு உரிமத்தை மாற்றலாம், வெளியே போனதை ஒன்றும் செய்ய முடியாது என்று ஒருவர். அது எனக்கும் தெரியும். முகம் தெரியாத ஒருவர் முகப்புப் பக்கத்து வரியை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார், வேறு எதுவும் எழுதாமல்.

இரவு முட்டை அழைத்தான். "நான் அந்தத் துணுக்கப் போடலன்னா இது நடந்திருக்காதுண்ணா."

"நான் போய்க் காட்டலன்னா நடந்திருக்காது."

வைத்துவிட்டோம்.

எனக்குக் கோபம் வர வேண்டும். யார்மேல்? மேலாளர் எதையும் திருடவில்லை. விதியை மீறவும் இல்லை. பார்வையற்ற ஒரு பையன் இதில் பாடப்புத்தகம் கேட்பதற்கு எந்த உரிமை இருந்ததோ அதே உரிமைதான் அவருக்கும். நான் எழுதிய உரிமை. அதை இன்றும் தப்பென்று சொல்ல வரவில்லை. சரியென்று சொல்லவும் வரவில்லை.

மே 22

மதியம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். குடைகள், ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட். ஜன்னலுக்கு நேர்மேலே ஒலிபெருக்கி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் குரல் கேட்கிறது. அவள் நிமிர்வதில்லை.

பையைத் தேடி ஒரு பெண் வந்தார். "கலர் சொல்லுங்க, உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "ஏங்க, நீங்க அந்த மெஷின் மாதிரியே பேசறீங்களே!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லிப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூன் 11

நம் மென்பொருளின் இணையப் பக்கத்தில் ஒரு புதிய கோரிக்கை. நிலையத்தின் கணினிக்காரர், மரியாதையாக எழுதியிருக்கிறார். 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று அறிவிக்கும்போது குரல் சந்தோஷமாக ஒலிக்கிறதாம், பயணிகள் கேலி என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறார்களாம். கொஞ்சம் வருத்தமாகப் பேச வைக்க முடியுமா?

அவர் சொல்வது உண்மை. மென்பொருளில் திருத்த முடியாது. நான் எழுதிக் கொடுத்த இரண்டாயிரத்தில் ஒன்றுகூடச் சோகமான வாக்கியம் இல்லை. புதிதாகப் படித்துப் பதிவு செய்தால்தான் உண்டு.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சாப்பிடும்போது வாயில் வந்துவிட்டது.

"வருத்தமாப் படிக்கணுமா?" என்றாள். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். "இப்ப நல்லா வரும்."

அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கறியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"அலமாரி நிறைய துணி இருக்குடா. உட்கார இடமில்ல."

ஜூலை 13

ஒரு மாதம் யாரும் பதில் எழுதாத கோரிக்கைகளைத் தானாக மூடும் நிரல் ஒன்று நம் பக்கத்தில் ஓடுகிறது. நான் எழுதியதுதான். இன்று நிலையத்தின் கோரிக்கையை மூடிவிட்டது. நான் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரப் பேருந்து அரை மணி நேரம் தாமதம். வருந்துகிறோம் என்றது அக்காவின் குரல், சந்தோஷமாக.