நீ செய்ததாகச் சொன்ன எலுமிச்சை ஜூஸ்

அக்கா,

நேற்று மொட்டைமாடியில் இருந்தவர்கள்: நீ, அத்தான், அவருடைய மேலாளர், மேலாளரின் மனைவி, ஜாடியும் கையுமாக நான்.

“ராத்திரி ஷிப்ட்டையும் விட்டுட்டு வெட்டியா உக்காந்திருக்கான்” என்று என்னைக் காட்டிச் சிரித்தாய். அது உண்மை, போகட்டும். ஆனால் அந்த அம்மா டம்ளரைக் காலி செய்துவிட்டு, “இது யாரு பண்ணது?” என்றபோது, “நான்தான்” என்றாயே, வாய் கூசவில்லையா? போதாததற்கு, “நாளைக்குக் காலைல வாங்க, சொல்லித் தரேன்” என்று அழைப்பு வேறு.

நான் கூட இருந்து காப்பாற்ற மாட்டேன். எலுமிச்சம்பழம் கூடையில், புளிப்புத் திராட்சை ஃபிரிட்ஜில் இருக்கிறது. திராட்சையை நசுக்கி வடிகட்டு. அதில் பாதி அளவு எலுமிச்சைச் சாறு ஊற்று. சர்க்கரையை அள்ளிக் கொட்டாதே.

பி.கு.: இதை எழுதாமல் விட்டு உன்னை முழிக்க வைக்கத்தான் நினைத்தேன். எலுமிச்சம்பழத்தை முழுசாக அடுப்புத் தீயில் சுட்டு, தோல் கருகிய பிறகு பிழி. ருசியே அதில்தான்.

வேலைக்குப் போன ராத்திரிகளில் உன் தூக்கம் கெடாமல் கதவைச் சாத்துவேன். இன்று ஓங்கிச் சாத்திவிட்டுத்தான் போகிறேன்.